இரண்டாவது ஜெபம் முடியும் முன்னே

என் பிரியப்பட்ட அத்தான்,

சுகமா என்று கேட்டுத் தொடங்கத்தான் கை போகிறது. கேட்டால் சிரிப்பீர்கள். "எலே தாசு, செத்தவனுக்கு என்னலே சுகக்கேடு?" என்பீர்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. முகத்தை மட்டும் நான் தினமும் பார்க்கிறேன். அது சிரிக்காத முகம்.

முதலில் ஊர்ச் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். மாநில எல்லைக்குக் கோடு போட்டுவிட்டார்கள். களியக்காவிளை தமிழ்ப் பக்கம், நம் பாறசாலை மலையாளப் பக்கம். தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர்வலம் போய்த் தொண்டை கிழியக் கத்தினோமே, கடைசியில் எல்லை நம் வீட்டைத் தாண்டித் தெற்கே போய் நின்றுகொண்டது. உங்கள் மூத்தவள் கிரேஸ் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படிக்கிறாள், வீட்டுக்கு வந்து தமிழில் சண்டை பிடிக்கிறாள். இளையவனுக்கு அப்படியே உங்கள் காது. நான் இன்னும் அதே ஆரியங்கோடு பஸ்ஸில்தான் கண்டக்டர். உங்கள் இடத்தில் ஒரு புது டிரைவர் வந்திருக்கிறார். நான் விசிலடித்தாலும் அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்.

நீங்கள் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. ஏழு வருஷம். என் விசில் கேட்டால் வண்டி நகரும். "எனக்க மச்சினன் பின்னால நிக்கியான், பிறவு எனக்கு எதுக்கு கண்ணாடி?" என்று பயணிகளிடம் பெருமை பேசுவீர்கள். மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் கொடி காட்ட என்னை நிறுத்தச் சொன்னதும் நீங்கள்தான். ஏன் அத்தான் சொன்னீர்கள்?

இந்தக் கடிதத்தை நம் சபைப் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன். ஊர் வாசிக்கட்டும். அதனால் ஊருக்குத் தெரிந்ததையும் எழுதுகிறேன்.

அறுப்பின் பண்டிகைக்கு மறுநாள் காலை. சபை வாசலிலிருந்து அமரவிளைப் பாலம் வரை போய்த் திரும்ப வேண்டும். ஐந்து வண்டிகள், எல்லாம் பட்டாளத்தில் கழித்துப் போட்டவை. உங்களுடையது நீங்களே நாலு வண்டியின் எலும்பைச் சேர்த்துக் கட்டியது. விளையாட்டாய்த் தொடங்கிய காரியம்தான். ஆனால் அந்த வருஷம் எது விளையாட்டாய் இருந்தது? நீங்கள் தமிழ் ஆள், நெய்யாற்றின்கரை தங்கப்பன் மலையாள ஆள் என்று சந்தையில் பேச்சாகிவிட்டது. "வண்டிப் பந்தயம் இல்ல மக்கா, எல்லைப் பந்தயமாக்கும்" என்று சொல்லித் திரிந்தவர்களில் நானும் ஒருவன். ஊர்வலத்தில் வாங்கிய அடி என் முதுகில் ஆறியிருக்கவில்லை.

நம் ஆட்கள் ஜெபிக்காமல் ஒரு கிணற்றுக்குக்கூட மண்வெட்டி போட மாட்டார்கள். பந்தயத்துக்கும் ஜெபம். யார் ஜெபிப்பது, எந்தப் பாஷையில் என்று அதிலும் தகராறு. நீங்கள்தான் தீர்த்தீர்கள். "முதல்ல நம்ம உபதேசியாரு தமிழில ஜெபிக்கட்டு. பிறவு அவியளுக்க உபதேசியாரு மலையாளத்தில ஜெபிக்கட்டு. தெய்வத்துக்கு ரெண்டு காது உண்டுல்லா?" எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நம் சபை வாசலில், நம் மண்ணில், அவர்கள் ஜெபம் எதற்கு என்று எரிந்தது.

அணைத்தால் மறுபடி கிளம்பாத வண்டிகள். அதனால் ஐந்தும் உறுமிக்கொண்டே நின்றன. உபதேசியார் அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தி ஜெபித்தார். ஜனம் ரோட்டின் இரு பக்கமும் கண்ணை மூடி நின்றது. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்து, மலையாள ஜெபம் ஆரம்பித்ததும் மறுபடி மூடிக்கொண்டது. நான் மூடவில்லை. வீம்பு.

உங்களுக்குப் பக்கத்தில் தங்கப்பன். அவன் இந்து, கோவிலுக்குப் போகிறவன். நம் ஜெபத்துக்கு அவன் கண்ணை மூட வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் கைப்பிடியிலிருந்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டு, கண்ணை இறுக்கி மூடி நின்றான். நீங்கள் மட்டும் தற்செயலாய் என்னைப் பார்த்தீர்கள்.

நான் கொடியை இறக்கினேன், அத்தான்.

இதுதான் ஊருக்குத் தெரியாதது. அந்த ஜெபம் முடிவதற்குள் வண்டிகள் போய்விட வேண்டும், அவர்கள் வாயைப் பிளந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான் நினைத்தேன். உங்கள் முகத்தில் ஒரு நொடி "என்னலே?" என்று ஒரு கேள்வி வந்தது. பிறகு நீங்கள் எடுத்துவிட்டீர்கள். நான் காட்டினேன், நீங்கள் எடுத்தீர்கள். அந்தக் கேள்வி முகம்தான் எனக்கு மிச்சம்.

உங்கள் வண்டி பாய்ந்த சத்தத்தில் தங்கப்பன் திடுக்கிட்டுக் கைப்பிடியை முறுக்கிப் பிடித்தான். பிடித்த பிடியில் வண்டி துள்ளி, குறுக்கே உங்கள் மேல் வந்தது. இரண்டும் சேர்ந்து சபைக்கு அடுத்த ஓடைப் பாலத்தின் கைச்சுவரில் மோதின. மற்ற மூன்று பேரும் பந்தயம் தொடங்கிவிட்டது என்று நினைத்துத் திரும்பிப் பார்க்காமலே போய்விட்டார்கள். அவர்கள் அமரவிளை போய்த் திரும்பியபோது முதலில் வந்தவன் ஒரு கையைத் தூக்கிக் கூவிக்கொண்டே வந்தான். நாங்கள் உங்களைப் பாயில் கிடத்தியிருந்தோம். தூக்கிய கையை இறக்கத் தெரியாமல் அவன் நின்ற நிலை இன்னும் கண்ணில் நிற்கிறது.

விசாரணைக்கு வந்தவர்கள் கேட்டார்கள், யார் முதலில் வண்டியை எடுத்தது என்று. யாருக்குத் தெரியும்? எல்லாருக்கும் கண் மூடியிருந்தது. நான் சொன்னேன்: "நான் கொடி அசைக்கவே இல்ல. தங்கப்பன்தான் ஜெபத்துக்கு நடுவில எடுத்து அத்தானுக்க மேல ஏத்தினான்." கால் நொறுங்கிக் கிடந்த தங்கப்பன், "ஞான் கண்ணடைச்சு நின்னதாணு" என்று அழுதான். நம் ஜெபத்துக்கு அவன் எதற்குக் கண்ணை மூடப் போகிறான் என்று நம் ஆட்கள் காறித் துப்பினார்கள். விபத்து என்று எழுதி விசாரணை முடிந்தது. ஊர் முடிக்கவில்லை. அவன் சைக்கிள் கடையில் கல் விழுந்தது. ஒரு காலை இழுத்துக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு கள்ளிக்காட்டுப் பக்கம் போய்விட்டான். எறிந்தவர்களை நான் தடுக்கவில்லை.

அன்றிலிருந்து ஜெபத்தில் எனக்குக் கண் மூடுவதில்லை. மூடினால் ஐந்து வண்டிகளும் உறுமுகின்றன. ஞாயிற்றுக்கிழமை சபையே தலைகுனிந்திருக்கும்போது நான் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தது உங்கள் மகள்.

போன ஞாயிறு அக்கா வீட்டில் மத்தியானச் சோறு. அக்கா ஜெபித்து முடித்ததும் கிரேஸ் சொன்னாள்: "அம்மா, மாமன் ஜெபத்தில கண்ணு மூடுகதே இல்ல." அக்கா அவளை அதட்டினாள், "அப்ப நீ எதுக்கு பிள்ளே தொறந்து பாத்தே?" என்று. எல்லாரும் சிரித்தோம். பிறகு அக்கா என்னைப் பார்த்தாள். "நெசமா தாசு? எதுக்கு மூடுகதில்ல?"

சும்மா என்று சொல்லியிருக்கலாம். இரண்டு வருஷம் சொன்ன பொய்க்கு அது ஒன்றும் பெரிய பாரமில்லை. என்னவோ, சோற்றில் வைத்த கை எழும்பவில்லை. பிள்ளைகளை வெளியே அனுப்பச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா அழுவாள், என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் சோற்றுப் பானையை மூடி வைத்தாள். அப்புறம் சொன்னாள்: "தங்கப்பனுக்க பெண்டாட்டி ஒருக்கா இஞ்ச வந்தா. மடியில கைப்பிள்ளை. அவரு ஒண்ணும் செய்யேல்ல சேச்சின்னு முற்றத்தில நின்னு அழுதா. வெயிலு. நான் கதவைத் தொறக்கேல்ல. ஒரு கிளாசு வெள்ளம் குடுக்கேல்ல. அந்தப் பாவத்தை எனக்க கையாலயும் செய்ய வச்சியே லே."

அவ்வளவு அமைதியாகச் சொன்னாள், அத்தான். நீங்கள் போனதைவிட அதுதான் அவளைத் தின்றது போலிருந்தது.

"சபையில எழும்பி நின்னு சொல்லு. அதுவரைக்கும் என்னை அக்கான்னு விளிக்காதே" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கழுவும் சத்தம் கேட்டது. நான் முற்றத்தில் இறங்கி நடந்தேன்.

நேற்று கள்ளிக்காடு போனேன். தங்கப்பன் ஒரு சைக்கிள் சக்கரத்தைத் தலைகீழாய் வைத்துக் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தான். நின்றபடியே எல்லாவற்றையும், ஞாயிறு சபையில் எழும்பிச் சொல்லப் போவதையும் சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை. முறுக்குவதையும் நிறுத்தவில்லை. முடித்ததும் கேட்டான்: "அவன் என்றெ கூட்டுக்காரன் ஆயிருந்நு. நினக்கு அறியாமோ?" தெரியும் என்றேன். நீங்கள் இருவரும் சிநேகிதமாய் ஒரே வண்டியில் உதிரிச் சாமான் தேடித் திருவனந்தபுரம் போன கதையெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரிந்துதானே சொன்னேன் அந்தப் பொய்யை. "ஞாயிறு எத்தற மணிக்கா?" என்றான். ஒன்பது என்றேன். "ஞான் வரும்." மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் உங்களிடம் கேட்க வேண்டும். அந்த ஒரு நொடியில் நீங்கள் புரிந்துகொண்டீர்களா? என் வீம்பு தெரிந்துதான் எடுத்தீர்களா, இல்லை ஜெபம் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது என்று நம்பினீர்களா? நம்பினீர்கள் என்றுதான் நினைக்கிறேன். அதைத்தான் தாங்க முடியவில்லை.

வருகிற ஞாயிறு, ஆராதனை முடிந்து ஜனம் கலையுமுன் நான் எழும்பி நிற்பேன். தங்கப்பன் ஜெபித்துக்கொண்டு நின்றான், கொடியை இறக்கியவன் நான் என்று சொல்வேன். தமிழிலும் சொல்வேன், அவனுக்காக மலையாளத்திலும் சொல்வேன். ஊர் என்ன செய்தாலும் வாங்கிக்கொள்வேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

கீழே வழக்கமாக ஒரு உறவைச் சொல்லி ஒப்பமிட வேண்டும். அதற்கு எனக்கு இப்போது அனுமதி இல்லை.

இப்படிக்கு,
ஞாயிறு கழிந்து உங்கள் பெண்டாட்டி சம்மதித்தால் உங்கள் மச்சினன்,
தேவதாஸ்