ஆளில்லாத 'இட்'

மக்கா, உன் ஆங்கில இலக்கணப் புத்தகம் இன்று என் மேசைக்கு வந்துவிட்டது. உன் வீட்டுக்காரி கொடுத்தனுப்பினாள். அட்டையில் இன்னும் வேப்பெண்ணெய் வாடை. கரையானுக்குப் பயந்து நாம் இருவரும் தடவியது. பள்ளிக்கூட நாளில் ஒரே புத்தகம், இரண்டு சொந்தக்காரர்கள். செத்தும் என்னை விடமாட்டாய் போலிருக்கிறது.

பள்ளிக்குப் போகும் வழியெல்லாம் அந்த 'இட்'டோடு சண்டை போடுவாயே! 'அது' என்று ஒரு பொருளைச் சுட்டினால் சரி. மழை பெய்தாலும் 'இட் இஸ் ரெய்னிங்', மணி ஐந்தானாலும் 'இட் இஸ் ஃபைவ்' என்றால் உனக்குப் பொறுக்காது. "ஏலே, வெள்ளக்காரனுக்கு மழ பெய்யதுக்கும் ஒரு ஆளு வேணுமா?" என்று கத்துவாய்.

பிறகு நீ புதுக்கடைப் பக்கம் வாத்தியாரானாய். அந்தப் பள்ளியை நடத்திய காரியாலயத்தில் நான் குமாஸ்தா. இரண்டு வாத்தியார்களில் ஒருவரைக் குறைக்க வேண்டியிருந்தபோது மேலதிகாரி என்னிடம்தான் கேட்டார். "ஆர நிறுத்தலாம்? நீரே சொல்லும்."

மற்றவன் என் மச்சினன். உன் பேரைச் சொன்னேன்.

எங்கள் காரியாலயத்தில் யாரும் பேர் போட்டு எழுதுவதில்லை. பழைய கடிதத்தைப் பார்த்து அப்படியே இறக்குவதுதான் வழக்கம். உன்னை நிறுத்தும் கடிதத்தை நானும் அப்படித்தான் இறக்கினேன்: 'இட் ஹாஸ் பீன் டிசைடட்.' தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. தீர்மானித்தது யார்? அதைத்தான் சொல்ல வேண்டாமே!

கடிதத்தோடு வந்து நின்றாய். "இந்த 'இட்' ஆருலே? சொல்லு, அவனுக்க காலப் பிடிச்சுக் கேக்கேன். மூணு பிள்ளையளு இருக்கு மக்கா."

"ஆபீசு எழுத்துல ஆளு கெடையாது மக்கா" என்றேன். வெட்கங்கெட்டவன்!

நீ சிரித்தாய். "மழைக்கும் ஆளில்ல, எனக்க சோத்துல மண்ணள்ளிப் போட்டதுக்கும் ஆளில்ல, என்னா?" அதோடு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனாய். அங்கே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாய்.

புத்தகத்தைப் பிரித்தால் உள்ளே அந்தக் கடிதம். என் கையெழுத்து உனக்குத் தெரியாததல்ல. குமாஸ்தா என்றால் எழுதத்தானே செய்வான் என்று நினைத்திருப்பாய் என்றே இத்தனை நாளும் இருந்தேன். ஆனால் 'இட்' எங்கெங்கே வரும் என்று பள்ளியில் நீ போட்ட பட்டியலின் அடியில், புதிதாகப் பென்சிலில் ஒரு வரி: "சிநேகிதன் 'நான்' என்று சொல்ல மாட்டாத இடத்திலும் வரும்."

தெரிந்துகொண்டா சிரித்தாய்? கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா, பாவி! அன்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். இப்போது இந்தப் புத்தகத்திடம் சொல்லி என்ன பிரயோஜனம்?

நான்தான் மக்கா. உன் பேரைச் சொன்னது நான்தான்.