கண்ணாடியில் தொங்கும் குஞ்சம்

அன்புள்ள கெசியாவுக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே மூவருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசைப் பற்றிக் கேட்காதே. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? ஜோனாவுக்கு முன்பல் விழுந்து பேச்செல்லாம் காற்றாக வருகிறது, அக்கா எப்போது வருவாள் என்று அதே காற்றில் கேட்டபடி இருக்கிறான். அப்பாவுக்கு மறுபடி இரவு ஷிப்ட்.

செவ்வாயன்று ரோண்டா அத்தையோடு சட்டசபைக்குப் போயிருந்தேன். காருக்குள் பின்பார்வைக் கண்ணாடியில் ஏதோ தொங்கிப் பார்வையை மறைக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் போலீஸ் வண்டியை நிறுத்தக் கூடாது என்ற மசோதா குழுவில் விவாதத்துக்கு வந்தது, பொதுமக்களும் பேசலாம் என்றார்கள். கண்ணாடியில் தொங்கிய உன் பள்ளிப் பட்டமளிப்புத் தொப்பிக் குஞ்சத்தைக் காட்டி உன்னை நெடுஞ்சாலை ஓரத்தில் மழையில் நிற்கவைத்து, டிக்கி வரை குடைந்து, ஒன்றும் கிடைக்காமல் எச்சரிக்கைச் சீட்டு கொடுத்து அனுப்பியதைச் சொன்னேன். கறுப்பு முகம் தெரிந்த பிறகுதான் குஞ்சம் தெரிந்தது என்றேன். நர்சிங் படிக்கிற பெண் என்றும் சொன்னேன், சொல்லும்போதே கூசியது, படிக்காத பெண்ணாக இருந்தால் நிறுத்தலாமா? குழுத் தலைவர் சிரித்த முகமாக, "ஏம்மா, அதைக் கழட்டி வெச்சா தீந்துச்சு. ஒரு நூல் குஞ்சத்துக்கா இவ்வளவு பாடு?" என்றார். அறையே சிரித்தது. போலீஸ் சங்கத்துக்காரர் எழுந்து, "நாங்க தோலைப் பாக்கறதில்ல, சட்டத்தைத்தான் பாக்கறோம்" என்றார். நாம் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டோமே, நம் தொகுதிக்காரர், அவரும் எதிராகவே கை தூக்கினார், மசோதா தோற்றது. வராந்தாவில் மடக்கினேன். "தேர்தல் வருது பெனிட்டா, போலீஸை எதிர்த்தா நான் வீட்டுக்குத்தான் போகணும்" என்றார். "எங்க பொண்ணும் வீட்டுக்குத்தான் வரணும், அதுக்கு என்ன வழி?" என்று அத்தை கேட்டாள். மனிதர் செல்போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

வெளியே வந்தால் அந்தத் தலைவரின் கார். கண்ணாடியில் சிலுவை, மீன்பிடி அட்டை, ஒரு ஜோடி குழந்தைச் செருப்பு. "கடையே தொங்குதுடி" என்றாள் அத்தை. அந்தக் காரை வாசல் போலீஸ்காரர் சல்யூட் அடித்து அனுப்பிவைத்தார். சிரித்துக்கொண்டேதான் கிளம்பினோம், பாதி வழியில் அத்தை வண்டியை ஓரங்கட்டி அழுதாள்.

அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிறார்கள், எனக்கு நம்பிக்கை இல்லை. இவ்வளவு படித்து, இவ்வளவு பேசி, கடைசியில் உனக்குச் சொல்ல அந்த ஆள் சொன்னதைத் தவிர என்னிடம் வேறொன்றும் இல்லை. நன்றித் திருநாளுக்குக் கிளம்பும் முன் அந்தக் குஞ்சத்தைக் கழற்றிவிடு. டாஷ்போர்டுப் பெட்டியில் வைக்காதே, உன் கை அந்தப் பக்கம் போகவே கூடாது, துப்பாக்கி எடுக்கிறாய் என்பார்கள். நிறுத்தினால் இரண்டு கையும் ஸ்டியரிங் மேல். இருட்டுவதற்குள் ஊர் வந்து சேர், சர்க்கரைவள்ளிக்கிழங்கு இனிப்பு செய்துவைக்கிறேன்.

கர்த்தரின் கை உன் வண்டிக்கு முன்னும் பின்னும் இருக்கட்டும். மறந்துவிடாதே, அந்த முடிச்சு விரலுக்கு அவிழாது, நீ பள்ளி முடித்த அன்று ஊரே பார்க்கட்டும் என்று இரட்டை முடிச்சாக நான்தான் போட்டேன். கத்தரிக்கோல் எடுத்துக்கொள்.

உன் அம்மா,
பெனிட்டா