நடுங்கும் கோடு

என் அக்காவுக்கு,

டைப் அடித்து அனுப்புகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. என் கையெழுத்து இப்போது கோழிக் கிறுக்கல்.

குண்டுப் பூனை கார்ட்டூனை விட்டுவிட்டுப் பேய்ப்படம் வரையக் கற்றுக்கொள்கிறேன். அதில் ஒரே இழுப்பில் கோடு போட வேண்டியதில்லை. என் முதல் பேயைப் பார்த்ததும் பத்திரிகை ஆசிரியர் துள்ளிக் குதித்தார்.

"கோடே நடுங்குதேம்மா! இதை எங்க கத்துக்கிட்டீங்க?"

"தானா வந்துச்சு சார்" என்றேன். பொய் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை, புதிதாகச் சேர்ந்தவர்கள் முன்னால் நான் வரைந்து காட்ட வேண்டுமாம். பேயோடு பூனையையும். நேற்று ஒத்திகையாகப் பூனைக்கு மீசை போட்டேன். மூன்றாவது மீசையில் பிரஷ் ஆடியது. பூனை என்னைப் பார்த்து வெடவெடத்தது. வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்தேன். அங்கேயும் அது அடங்கவில்லை.

அக்கா, அப்பாவுக்குக் கடைசிவரை ஊட்டிவிட்டவள் நீ. அவருக்கு முதலில் ஆடியது எந்தக் கை? இடது என்று எழுது. இல்லையென்றாலும் இடது என்றே எழுது.

ஊரையெல்லாம் பயமுறுத்தும்
உன் பயந்தாங்கொள்ளித் தங்கை