மூன்று எண்ணிய கை

இன்று காலை நம் தீவின் அபர்டீன் பஜாரில் பஸ்ஸுக்கு நின்றபோது ஒருவன் என் கையில் ஒரு நோட்டீஸைத் திணித்துவிட்டுப் போனான். அச்சு மை வாடை இன்னும் போகவில்லை. பிரித்தால் நீ. கறுப்பு டவுசரில், மார்பை விரித்துக்கொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு. இந்த வருட மல்யுத்தத்துக்கு ‘தோல்வியே அறியாத கறுப்புச் சுறா நினைவுக் கோப்பை’ என்று கொட்டை எழுத்தில் உன் மேடைப் பெயரையே வைத்திருக்கிறார்கள். கசக்கி எறியப் போனேன். உன் முகம் இருந்ததால் கீழே போடவும் மனம் வரவில்லை. கராச்சர்மாவில் இறங்கும்வரை மடித்துக் கையிலேயே வைத்திருந்தேன்.

தோல்வியே அறியாதவனாம்! பதினோரு வருஷம் மல்லாந்து கிடந்தவன் நீ. ஒவ்வொரு தடவையும் மூன்று எண்ணி உன்னைத் தோற்கடித்த நடுவர் நான். எனக்கே காது குத்துகிறார்கள்.

முதல் வருஷம் மேடைகூட இல்லை. காலி பீப்பாய்களின் மேல் பலகை, அதன் மேல் லாரித் தார்ப்பாய். ஃபீனிக்ஸ் பே துறையில் கப்பல் கயிறு இழுத்துக்கொண்டிருந்த உன்னை, ஆட்டத்தை நடத்தும் கான்ட்ராக்டர் பிடித்து வந்தார். அவர் ஆபீஸ் கிளார்க்கான என்னிடம் வெள்ளைச் சட்டையும் பெரிய தொண்டையும் இருந்தன, நடுவராகிவிட்டேன். பெருநிலத்திலிருந்து கப்பலில் வந்த ‘மெயின்லேண்ட் சிங்கம்’ மூன்று நாள் வாந்தியெடுத்து நிற்கவே முடியாமல் இருந்தான். அவனைத் தாங்கி நிறுத்தி, அவன் கையாலேயே அடிவாங்கி விழுந்தாய். “தோக்கறதுதான்டா கஷ்டமான வேலை. ஜெயிக்கிறவன் சும்மா நின்னா போதும்” என்றாய்.

அப்போது நானும் சிரித்தேன். பிறகு விளக்கு வந்தது, பெரிய திரை வந்தது. முந்தின நாளே பேசி வைக்கும் முடிவு மட்டும் மாறவில்லை. கப்பலில் வந்தவன் ஜெயிக்க வேண்டும், தீவுக்காரன் விழ வேண்டும். அதற்கு விசிலடித்ததும் நம் தீவுக்காரர்கள்தான். “மாரோ சுறா கோ! சுறாவை அடி!” என்று உன் தெருக்காரனே கத்துவான். நினைத்தாலே அருவருப்பாக இருக்கிறது.

உன் மகளுக்கு எட்டு வயதானபோது முதல்முறையாகக் கான்ட்ராக்டரிடம் ஒன்று கேட்டாய். “சாப், ஏக் பார். இந்த ஒரு வருஷம் நான் ஜெயிக்கிறேன். தோத்தவன் பொண்ணுன்னு ஸ்கூல்ல கிண்டல் பண்றாங்க.”

“அதுக்கென்ன, பக்கா” என்றார். நீ மகளை முன்வரிசையில் உட்காரவைத்தாய்.

பாதி ஆட்டத்தில் அவர் என்னைக் கயிற்றோரம் கூப்பிட்டார். விளம்பரம் கொடுத்தவர்களுக்குச் சிங்கம்தான் வேண்டுமாம். “பழையபடியே முடிச்சிடு” என்றார், டீயில் சர்க்கரை வேண்டாம் என்பதுபோல. கீழே சொல்வதை மேலே ஆடுகிறவன் காதில் போடுவதுதானே நடுவரின் நிஜ வேலை. குனிந்து சொன்னேன்.

“பொண்ணு பாக்குதுடா” என்றாய். அவ்வளவுதான்.

சிங்கம் உன் மேல் படுத்தான். தார்ப்பாயில் ஒன்று தட்டினேன். இரண்டு தட்டினேன். உன் வலது தோள் தார்ப்பாயைவிட்டு எழுந்தது. தோள் எழுந்தால் எண்ணுவதை நிறுத்த வேண்டும், அது குழந்தைக்கும் தெரிந்த விதி. நான் கான்ட்ராக்டர் முகத்தைப் பார்த்துவிட்டு மூன்றாவதையும் தட்டினேன். சீ, நானும் ஒரு நடுவர்!

மறுநாள் கப்பல் துறையில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாய். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

உன் சாவுக்கு எட்டிக்கூடப் பார்க்காத கான்ட்ராக்டர் போன வாரம் ஃபோன் செய்தார். கோப்பையை நான்தான் கொடுக்க வேண்டுமாம், உன்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை பேச வேண்டுமாம். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. என் குணம் உனக்குத் தெரியும்.

சாயங்காலம் உன் மகள் வந்தாள். அவள் கையிலும் அதே நோட்டீஸ்.

“அவங்க என்ன வேணா போட்டுக்கட்டும் மாமா. எனக்கு ஒன்னுதான் தெரியணும். அன்னைக்கு அப்பா தோளு எழுந்துச்சுல்ல? நான் பார்த்தேன். வீட்ல யாரும் நம்பல. அப்பாகிட்ட கேட்டா, நடுவர் சொன்னா சரிதாம்மான்னுட்டாரு.”

உனக்கு என்மேல் அவ்வளவு விசுவாசம் எதற்கடா?

“எழுந்துச்சும்மா” என்றேன். அவள் நோட்டீஸை மடித்தாள். பிறகு, “மேடையில சொல்வீங்களா?” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்கு அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போகிறேன். கோப்பையைத் தொடமாட்டேன். முன்வரிசையில் உன் மகள் இருப்பாள். அந்த மூன்றாவது தட்டு என் உள்ளங்கையில் இன்னும் எரிகிறது. அது பொய் என்று மைக்கில் சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன்.