அத்தையும் இடப்பக்க ஆக்சிலும்

மார்ச் 3, திங்கள்

காரில் ஒரு சத்தம். பதினோரு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துப் பிழைக்கிறவள் நான். ஆனால் முதலில் அது கேட்டது என் மாமியாருக்கு.

"ஏம்மா, வலது பக்கம் திரும்பினா மட்டும் யாரோ கதவைத் தட்டுற மாதிரி இருக்கே?"

"நீங்க கிளட்சைக் கவனிங்க அத்தை" என்றேன்.

அடுத்த முனையில் வேண்டுமென்றே ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தார். டக் டக் டக் டக்.

"போய்த் திற, யாரோ வந்திருக்காங்க" என்றார்.

அத்தைக்கு அறுபத்து மூன்று வயது. ஒரு தடவை டெஸ்டில் தோற்றாயிற்று. பத்தொன்பதாம் தேதி மறுபடியும் டெஸ்ட். என் டிரைவிங் ஸ்கூலுக்கு இருப்பதோ இந்த ஒரே கார், பதினேழு வயசுக் கிழம்.

மார்ச் 4, செவ்வாய்

மெக்கானிக்கிடம் போனேன். எதற்கெடுத்தாலும் "நிதானம், நிதானம்" என்பதால் எல்லாருக்கும் அவர் நிதானம் அண்ணன். போன வாரம் ஏணியில் ஏறும்போது மட்டும் அதை மறந்துவிட்டாராம். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு.

குனிந்து பார்த்தார். இடது முன் சக்கரத்துக்குப் பின்னால் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் எல்லா இடத்திலும் தெறித்துக் கிடந்தது.

"மூட்டு தேஞ்சு போச்சு. மனுஷனுக்கு முட்டி தேயிற மாதிரிதான். சக்கரத்தைச் சுத்த வைக்கிற ஆக்சில் தண்டையே மாத்திடணும்."

"சத்தம் வலது பக்கம் திரும்பினாத்தானே வருது?"

"வலது பக்கம் திரும்புறப்ப பாரம் எந்தச் சக்கரத்துல விழுது?"

இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இடது சக்கரத்தில்தான்.

"சரியான ஆக்சிலைக் கொண்டா. போடுறதை நான் பார்த்துக்கிறேன்."

"இந்தக் கையோடயா அண்ணே?"

"பார்த்துக்கிறேன்னுதானே சொன்னேன்!"

மார்ச் 5, புதன்

வகுப்புகளையெல்லாம் தள்ளி வைத்தேன். கியர் மாற்றும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்ளும் வங்கிக்காரர் ஒருவர்தான் சந்தோஷப்பட்டார்.

மார்ச் 6, வியாழன்

உதிரிபாகக் கடைக்காரர் மாடலையும் வருடத்தையும் கேட்டார், கணினியில் தட்டினார், ஒரு நீளப் பெட்டியை எடுத்து நீட்டினார். "கண்ணை மூடிக்கிட்டு மாட்டலாம் மேடம்." நானும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கி வந்தேன்.

வீட்டில் அத்தை பெட்டியைத் திறந்து இப்படியும் அப்படியும் பார்த்தார். முப்பது வருடம் ஆயத்த ஆடைக் கம்பெனியில் தையல் வேலை. எதைப் பார்த்தாலும் கை டேப்பைத் தேடும். வாசலில் நின்ற காருக்கு அடியில் பாயை விரித்து, நான் தடுப்பதற்குள் உள்ளே போய்விட்டார். பாதி தெரு வேடிக்கை பார்த்தது.

"புதுசு ஆறு சென்டிமீட்டர் நீளம்மா. துணியா இருந்தா மடிச்சுத் தைச்சிடலாம்."

கடைக்குப் போன் செய்தேன். அது தானியங்கி கியர் வண்டிக்கானதாம்.

மார்ச் 8, சனி

இரண்டாவது ஆக்சில். நீளம் சரி. ஆனந்தமாக நிதானம் அண்ணனிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். சக்கரத்துப் பக்க முனையை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அந்த இடத்தில் பல் பல்லாக ஒரு வளையம் இருக்க வேண்டுமாம். சக்கரம் என்ன வேகத்தில் சுற்றுகிறது என்று அதைப் பார்த்துத்தான் பிரேக் தெரிந்துகொள்ளுமாம்.

"இது இல்லாமலும் வண்டி ஓடும். ஆனா முன்னால எச்சரிக்கை விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கும்."

விளக்கு எரிந்தால் டெஸ்ட் ஆபீசர் வண்டியில் ஏறவே மாட்டார். திருப்பிக் கொடுத்தேன்.

வெளியூரில் வேலை பார்க்கும் இவர், என் கணவர், வார விடுமுறைக்கு வந்திருக்கிறார். "இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா டிரைவிங்கெல்லாம்?" என்று அத்தையிடம் கேட்டார். அத்தை பதில் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

மார்ச் 10, திங்கள்

என்னைப் பார்த்ததும் கடைக்காரர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அது அடிக்கவே இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

இன்று அத்தையும் கூட வந்தார். கையில் ஒரு துண்டுச் சீட்டு. நீளம், வளையத்தில் எத்தனை பல், வண்டியின் சேசிஸ் நம்பர். பல்லை எப்படி எண்ணினார்? காலையில் என்னை ஜாக்கி போடச் சொல்லி, ஒரு பல்லில் தையல் சாக்பீஸால் கோடு போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றி எண்ணினார். நாற்பத்து நாலு. சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும்.

"தம்பி, ஆளைப் பார்க்காம வயசை மட்டும் கேட்டுட்டுச் சட்டை தைச்சா எப்படி இருக்கும்?"

கடைக்காரர் நெளிந்தார். சேசிஸ் நம்பரைப் போட்டுப் பார்த்தால், அந்த வருடத்து நடுவில் கம்பெனியே ஆக்சிலை மாற்றியிருக்கிறது. முதல் ஆறு மாதம் ஒரு ரகம், அடுத்த ஆறு மாதம் வேறு ரகம். எங்களுடையது பின்னது. சனிக்கிழமை வந்துவிடுமாம்.

வெளியே வந்ததும் இரண்டு பேரும் நடைபாதையிலேயே நின்று வயிறு வலிக்கச் சிரித்தோம். அத்தை எங்களோடு வந்து இருக்கும் இந்த மூன்று வருடத்தில் இப்படிச் சிரித்திருக்கிறோமா?

மார்ச் 16, ஞாயிறு

உடம்பெல்லாம் வலி. நகத்தில் இன்னும் கிரீஸ். இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

நிதானம் அண்ணன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சொன்னபடியே 'பார்த்துக்கொண்டார்'. வேலையெல்லாம் நாங்கள். முதலில் பழசையும் புதுசையும் ஒப்பிட வேண்டும் என்றார். அத்தை டேப்பையும் சீட்டையும் வைத்துப் பார்த்து, "பொருந்துது" என்றார். அடுத்து சக்கரத்தின் நடு நட்டு. வண்டி தரையில் நிற்கும்போதே அதைத் தளர்த்திவிட வேண்டும். அத்தை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்தார். நான் ஸ்பானரில் நீளக் குழாயைச் செருகித் தொங்கினேன். அசையவில்லை. ஏறி நின்றேன். கிரீச்சென்று ஒரு சத்தம். என் இடுப்போ என்று பயந்தேன், நட்டுதான்.

சக்கரத்தைக் கழற்றி, கீழ் மூட்டைப் பிரித்து, கடப்பாரையால் நெம்பியதும் பழைய ஆக்சில் கியர்பாக்ஸிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. கூடவே எண்ணெய். அது பேசினில் வடியட்டும் என்று அண்ணன் டீ குடிக்கப் போனார்.

அப்போதுதான் அத்தை சொன்னார், சொட்டுகிற எண்ணெயைப் பார்த்தபடி.

"டெஸ்ட் பாஸாயிட்டா நான் கிளம்பிடுவேன்மா."

"எங்க?"

தையல் கம்பெனியில் கூட வேலை பார்த்த தோழியின் வீட்டுக்காம். இங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணம், ஏரிக்கரை. பஸ் நிற்கும் இடத்திலிருந்து நெடுந்தூரம் நடக்க வேண்டும். தோழியின் கணவர் விட்டுப்போன கார் ஷெட்டில் சும்மா நிற்கிறது, அந்த அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து தைக்கப்போகிறார்கள்.

"நாங்க என்ன குறை வச்சோம் அத்தை?"

"குறையா? ஒண்ணும் இல்ல. மூணு வருஷமா உன் சமையலறையில உப்பு டப்பா எங்க இருக்குன்னு தேடிக்கிட்டே இருக்கேன். என் வீட்ல இருட்டுல கூட எடுப்பேன். அவ்வளவுதான்மா."

அண்ணன் வந்துவிட்டார். புது ஆக்சிலைத் தள்ளினேன். போகவில்லை. "முரண்டு பிடிக்காத, சுத்திக்கிட்டே தள்ளு" என்றார். மூன்றாவது தடவை, டக். "இழுத்துப் பாரு. வருதா? வரலேல்ல? கல்யாணம் முடிஞ்சுது!"

எல்லாரும் சிரித்தோம். நான் கொஞ்சம் பிந்திச் சிரித்தேன்.

மார்ச் 17, திங்கள்

கோபமா வருது. யார் மேலன்னு தெரியல.

அவங்க வந்த புதுசுல, எப்படா என் அடுப்படி எனக்குத் திரும்பக் கிடைக்கும்னு நினைச்சவதானே நான்? இப்ப எதுக்கு இந்தத் தவிப்பு?

'வண்டி இன்னும் தயாராகலை'ன்னு டெஸ்ட் ஆபீசுக்கு ஒரே ஒரு போன். டெஸ்ட் இன்னும் ரெண்டு மாசம் தள்ளிப்போகும். யாருக்கும் சந்தேகம் வராது. நம்பரைக்கூடத் தட்டிவிட்டேன்.

மணி அடிப்பதற்குள் போனை வைத்துவிட்டேன். கியர்பாக்ஸுக்குப் புது எண்ணெய் ஊற்றினேன். பிறகு அத்தையைக் கூட்டிப்போய் ரிவர்ஸ் எடுக்கும் பயிற்சி. ஏழு தடவை.

மார்ச் 18, செவ்வாய்

அத்தை தன் மகனுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்லிவிட்டார். இவர் போனை என்னிடம் கொடுக்கச் சொல்லிப் பாய்ந்தார். "எல்லாம் நீ சொல்லிக் குடுத்ததா?"

அத்தை போனை வாங்கிக்கொண்டார். "அவ சொல்லிக் குடுத்தது கிளட்ச் மட்டும்தான்டா."

மார்ச் 19, புதன்

டெஸ்ட் ஆபீஸ் வாசலில் காத்திருந்தேன். டெஸ்ட் முடிந்து வலது பக்கம் ஒடித்து வளாகத்துக்குள் நுழைந்தது கார். சத்தமே இல்லை. விளக்கு ஏதும் எரியவில்லை. உள்ளே ஆபீசர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேல் அத்தை எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

பாஸ்.

ஏப்ரல் 27, ஞாயிறு

அத்தையைக் கொண்டுபோய் விட்டோம். இல்லை, அத்தைதான் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். வழி முழுக்க அவரே ஓட்டினார். நான் பக்கத்தில், இவர் பின்னால் தையல் மெஷினைக் கட்டிப்பிடித்தபடி. பாலத்தில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. "நிதானம்" என்றார் அத்தை, லாரியைப் பார்த்து.

தோழி வாசலிலேயே நின்றிருந்தார். அத்தை இறங்கிய வேகத்துக்கு எங்களைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு நினைவு வந்தவராக ஓடி வந்து, என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

திரும்பும்போது நான் ஓட்டினேன். அத்தை குள்ளம், இருக்கையை முன்னால் இழுத்து வைத்திருந்தார். உட்கார்ந்ததும் முதலில் இருக்கையைச் சரிசெய்யுங்கள் என்று எல்லா மாணவர்களுக்கும் முதல் வகுப்பிலேயே சொல்கிறவள் நான்.

"ஏன் இப்படி ஒடுங்கிக்கிட்டு ஓட்டுற? பின்னால தள்ளிக்கோயேன்" என்றார் இவர்.

"வீட்டுக்குப் போய்த் தள்ளிக்கிறேன்" என்றேன். இரண்டு மணி நேரமும் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்துக்கொண்டே வந்தது.