வெட்டாமல் விட்ட ராணி

ஸ்ரீவில்லிபுத்தூர்
2.2.2025

அன்புள்ள நாகஜோதி அக்காவுக்கு,

நேற்று ராஜபாளையத்தில் நான் 'செக்' என்று சொல்லவில்லை. வீடு திரும்பி அப்பாவிடமும் ஒன்றும் சொல்லவில்லை. நிச்சயமான மறுநாளே என் வாட்ஸ்அப்பைத் தன் லேப்டாப்பிலும் திறந்து வைத்துக்கொண்டார் நவநீதகிருஷ்ணன். அதனால்தான் தபால்.

அவர் வீட்டில் எங்களுக்காகக் கட்டும் மாடியைப் பார்க்க அப்பாவும் அம்மாவும் மேலே போயிருந்தார்கள், நான் கீழே இருந்தேன். "காலேஜ் சாம்பியனாமே, வா பாப்போம்" என்று அவர் செஸ் பலகையை விரித்தார். இரண்டாவது நகர்த்தலிலேயே ராணியை வெளியே கொண்டுவந்தார். நாலே நகர்த்தலில் மேட் வைக்கும் ஆசை. பள்ளிப் பிள்ளைகள் ஆடும் தொடக்கம். சிப்பாயால் தடுத்தேன். கொஞ்ச நேரத்தில், குதிரையை வைத்துச் 'செக்' சொன்னால் ராணி என் கையில் என்ற நிலை.

அவர் பேச்சு நின்றது. உடனே அவர் தங்கை டிவியை அணைத்துவிட்டு உள்ளே போனாள். மழைக்கு முன் துணி எடுப்பதுபோல் அத்தனை பழக்கமாக. காப்பி வைக்கும் சாக்கில் அவர் அம்மா என் பக்கம் குனிந்து, "ஜெயிச்சுராத தாயி. நீ இப்பப் போயிருவ, நாங்க இங்கனதான இருக்கணும்" என்றார்கள்.

ராணியை விட்டேன். தோற்றேன். "பொம்பளப் பிள்ளைக்கு இம்புட்டுத் தெரிஞ்சதே பெருசு" என்று சிரித்தார். டிவி மறுபடி ஓடியது.

பயமாக இருக்கிறது அக்கா. நான் என்ன செய்ய?

உன் இந்து


ஆலங்குளம்
6.2.2025

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் பார்த்துச் சிரிப்புத்தான் வந்தது. ஏட்டி, ஆம்பளைக்கு ஆட்டத்தில் கோபம் வராதா? கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்தாயிற்று. தோற்றதில் உனக்கு என்ன குறைந்துவிட்டது? நானும் முதலில் உன் அத்தானிடம் எதிர்த்துப் பேசினேன். இப்போது பேசுவதில்லை, வீடு எம்புட்டோ அமைதி. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே அன்றைக்கு எப்படி என்று தெரிந்துவிடும். நீயும் பழகிக்கொள்வாய்.

பதிலைப் பக்கத்து வீட்டுச் சுடலையம்மாள் பெயருக்குப் போடு.

அக்கா


ஸ்ரீவில்லிபுத்தூர்
15.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கோபித்துக்கொள்ளாதே. என் கதையைச் சொல்ல வாய் வரவில்லை. உன் கடிதத்தை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். இரண்டு முறை படித்தார். "ரெண்டு பிள்ளைகளையுமா இப்பிடி வீட்டுல குடுக்கணும்?" என்றார். அன்றைக்கே கல்யாணத்தை நிறுத்திவிட்டார். நாளை உன்னைப் பார்க்க வருகிறார், இதையும் அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். அவரோடு வீட்டுக்கு வருவாயா என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்று நவநீதகிருஷ்ணனின் அம்மா தனியாகப் பஸ்ஸில் வந்து நிச்சய மோதிரத்தை வாங்கிக்கொண்டார்கள். சாப்பிடச் சொன்னோம். "நேரமாச்சுன்னா கேப்பான்" என்று அடுத்த பஸ்ஸிலேயே ராஜபாளையம் திரும்பிப் போய்விட்டார்கள்.

இந்து