என் தோளில் இருந்த வரி

2014 ஜூன் 9, திங்கள்

ஒன்பதாம் வகுப்புக்கு இன்று காரணிப்படுத்தல் தொடங்கினேன். பாதிப் பேருக்குப் பெருக்கல் வாய்ப்பாடே வரவில்லை. ஓட்டின் மேல் மழை போட்ட சத்தத்தில் நான் கத்தியது முதல் பெஞ்சுக்காவது கேட்டதோ என்னவோ. மும்தாஜ் டீச்சர் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து நெய்மீன் குழம்பு கொண்டுவந்திருந்தாள். பாதி எனக்கு.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் ஆன்றோ மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டார். ஊருக்கெல்லாம் ஏசி மாட்டுகிறவனுக்கு ஏசி ஓடாத அறை என்று சிரித்தார். மழை, குளச்சல் மீன் விலை, அவர் அம்மா, என் மாமியின் முழங்கால் வலி. அதோடு பேச்சு தீர்ந்துவிட்டது. இரண்டு வருடமாக இப்படித்தான்.

ஜூன் 14, சனி

எப்படி எழுதுவது. 

மும்தாஜின் மகளுக்கு யூனிபார்ம் துணி எடுக்க இரண்டு பேரும் நாகர்கோவில் போனோம். பார்வதிபுரத்தில் பஸ் நெரிசலில் மாட்டி நின்றது. சும்மா வெளியே பார்த்தேன். பெரிய விளம்பரப் பலகை. வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சிரிக்கிற கர்ப்பிணி. அவள் தலைக்கு மேலே ரோஸ் நிறத்தில்—

நீ பேசியதெல்லாம் எனக்கு மட்டும் கேட்டது.

அதற்குக் கீழே, புதிதாகத் திறந்திருக்கும் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியின் பெயரும் போன் நம்பரும்.

என் வரி. ஓர் எழுத்துகூட மாறவில்லை.

பஸ் நகரத் தொடங்கும்போது இறங்கிவிட்டேன். மும்தாஜ் பின்னாலேயே குதித்தாள். "ஏட்டி, ஒனக்கு கிறுக்கா பிடிச்சிருக்கு? கால் போயிருக்கும்லா!" என்று கத்தினாள். நான் பலகையைக் காட்டினேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "நல்லாத்தானே எழுதியிருக்கானுவ," என்றாள்.

அங்கேயே, ரோட்டோரத்தில், ரவிக்கையின் இடது கையை மேலே ஏற்றிக் காட்டினேன். தோளுக்குக் கொஞ்சம் கீழே, பச்சை குத்திய அதே வரி, என் கையெழுத்திலேயே.

மும்தாஜ் வாயைப் பொத்திக்கொண்டாள். ஐந்து வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. இது அவளுக்குத் தெரியாது.

துணி எடுக்கவில்லை. திரும்பி வந்துவிட்டோம்.

ஜூன் 15, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. தலைவலி என்று மாமியிடம் சொன்னேன்.

நேற்று எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். 2012 அக்டோபர். எனக்கு ஒன்பதாம் மாதம். என் மகள் உயிரில்லாமல் பிறந்தாள். அவள் அழவே இல்லை. அவளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கவில்லை, பெயர் இல்லை. கல்லறைத் தோட்டத்தின் மூலையில் வைத்தார்கள், கல் நடவில்லை. ஆன்றோ விமானம் ஏறி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மறுபடி யாரும் அவளைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் எனக்குத் தாங்காதாம்.

நான்கு மாதம் கழித்து அந்த வரி வந்தது. கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தபோது. அப்படியே போய் ஜெயசிங்கின் கடையில் பச்சை குத்திக்கொண்டேன். அவளைப் பற்றி இந்த உலகத்தில் எழுதியிருப்பது அது ஒன்றுதான்.

அதைப் பார்த்தது மூன்றே பேர். நான். ஆன்றோ. குத்தின ஜெயசிங்.

ஜெயசிங்தான். வேறு யார்?

ஜூன் 16, திங்கள்

லீவு போட்டேன். ஜெயசிங்கின் டாட்டூ கடை வடசேரியில் ஒரு செல்போன் கடைக்கு மேலே. ஒரு பையனின் முதுகில் கழுகு குத்திக்கொண்டிருந்தான். படியேறியதும் ஆரம்பித்துவிட்டேன். திருடன் என்றேன். என் பிள்ளையை விற்றுவிட்டாய் என்றேன். கழுகுக்காரப் பையன் சட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

ஜெயசிங் மிஷினை அணைத்தான். "அக்கா, போட்டோ எடுக்காதன்னு நீங்க சொன்னியள்லா. நான் எடுக்கவே இல்ல. வரைஞ்ச பேப்பரக்கூட நீங்கதான் கிழிச்சுக் கொண்டு போனிய," என்றான். தன் போனை என் கையில் கொடுத்து, "பாத்துக்கிடுங்க," என்றான். பாம்பு, சிலுவை, காதலி பெயர், காதலன் பெயர். என் கை எங்கேயும் இல்லை.

நம்பவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் அவன் கண் கலங்கியிருந்தது.

ஜூன் 18, புதன்

பள்ளி விட்டதும் மும்தாஜ் என்னை அவளுக்குத் தெரிந்த வக்கீல் ரீத்தாவிடம் அழைத்துப் போனாள். பொறுமையாகக் கேட்டார். எழுதின அந்த நிமிடமே எழுதியவளுக்கு உரிமை வந்துவிடுமாம், எங்கேயும் பதிய வேண்டியதில்லையாம். அதைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டேன். அவர் உட்காரச் சொன்னார்.

"ஆனா, இது ஒத்த வரி பாருங்க. கதை, பாட்டுன்னா கேக்கலாம். நாலஞ்சு வார்த்தையத் தனியா ஒருத்தருக்குச் சொந்தம்னு கோர்ட்டு அவ்வளவு லேசுல ஒத்துக்கிடாது. நோட்டீஸ் வேணும்னா அனுப்பலாம். ஒத்துக்கிட்டாலும், நீங்கதான் முதல்ல எழுதினியன்னு காட்டணும். சாட்சி என்ன இருக்கு?"

தோளைத் தொட்டேன்.

"அத நாலு பேருக்க முன்ன காட்டுவியளா?"

ஒரு வரிதான். ஆமாம், ஒரு வரிதான். அதற்கு மேல் அவள் எனக்கு என்ன கொடுத்தாள் எழுதுவதற்கு?

ஜூன் 19, வியாழன்

ஆன்றோவிடம் சொன்னேன். பலகை, ஜெயசிங், வக்கீல் எல்லாம். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று, "கேக்குதா? கேக்குதா?" என்று கேட்டேன்.

"கேக்கு," என்றார். பிறகு, "விடு பிரிஜா. அதப் போட்டு இழுக்காண்டாம்," என்றார். போனை வைத்துவிட்டார்.

விடு? எப்படி இவரால் சொல்ல முடிகிறது? இந்த மனுசனுக்கு நெஞ்சுல என்னத்தயாக்கும் வச்சுப் படைச்சிருக்கு?

ஜூன் 21, சனி

ஆஸ்பத்திரிக்கே போனேன், மும்தாஜோடு. மேனேஜர் பொன்னுலிங்கம். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். முதலில் உட்கார வைத்து லைம் ஜூஸ் கொண்டுவரச் சொன்னார். பலகையில் இருக்கும் வரி நான் எழுதியது, எடுத்துவிடுங்கள் என்றேன்.

அவர் சிரித்தார். "பேஸ்புக்குல கெடந்தத எங்க டிசைன்காரப் பையன் எடுத்தான். உங்க பேரு பிரிஜான்னு சொன்னியல்லா? இன்னா பாருங்க, எழுதின ஆளு வேற."

போனை என் பக்கம் திருப்பினார். என்னிடம் இருப்பது பட்டன் போன். இந்தப் பேஸ்புக்கை மும்தாஜின் தம்பி வைத்திருந்து பார்த்ததுதான். நீல எழுத்தில் ஒரு பெயர், பக்கத்தில் சின்ன வட்டமாக ஒரு முகம். கறுப்புக் கண்ணாடி. பின்னால் கடல்.

ஆன்றோ.

என் வரி, ஆன்றோவின் பெயருக்குக் கீழே. போன வருடம் அக்டோபரில்.

 மும்தாஜ்தான் பேசினாள். "அது இவளுக்க மாப்பிளயாக்கும்," என்றாள்.

"அப்ப வீட்டுக்குள்ளயே தீத்துக்கிடுங்க! இதுக்குப் போயி சண்டையா?" பொன்னுலிங்கம் இன்னும் நன்றாகச் சிரித்தார். "சந்தோசமான விசயம்தானே. குட்டிக்கு இப்ப என்ன வயசு?"

"செத்துத்தான் பிறந்தா," என்றேன்.

அந்தச் சிரிப்பு போன வேகத்தை நான் மறக்கமாட்டேன். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். என்னிடமிருந்து ஓர் அடி விலகி நின்றார். "செத்த பிள்ளைக்கு எழுதினதா? ஐயோ... மாசமா இருக்கிய பொம்பளைய வந்து போற இடம்மா இது! இத வந்த உடனே சொல்லப்பிடாதா?" அப்போதே யாருக்கோ போன் போட்டார். "பார்வதிபுரம், செட்டிக்குளம், எல்லா போர்டயும் இப்பமே அவுரு. காரணம் பொறவு சொல்லுகேன். அவுருல!"

மன்னிப்புக் கேட்கவில்லை. லைம் ஜூஸ் கொண்டுவந்த பெண்ணை வாசலிலேயே கை காட்டித் திருப்பி அனுப்பினார்.

திரும்பும்போது பலகையில் வெறும் கம்பிச் சட்டம்தான் நின்றது. வக்கீல் ஆகாது என்றதை என் மகள் செய்துவிட்டாள். அவள் செத்தவள் என்பதால்.  மும்தாஜ் என் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரத்தில் நின்றாள்.

ஜூன் 22, ஞாயிறு

ஆன்றோவை நானே கூப்பிட்டேன். "நீங்கதானா?" என்று மட்டும் கேட்டேன்.

"நான்தான் போட்டேன்."

"எனக்க வரிய?"

"ஒனக்க வரிதான்."

கத்தினேன். வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். மாமி வந்து கதவருகே நின்று பார்த்துவிட்டுப் போனாள்.  நான் மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் பேசினார்.

"எனக்கு மட்டும்னு எழுதி வச்சிருக்கியே. அந்த 'மட்டும்'. லீவுக்கு வந்து ஒனக்க வயித்துல காத வச்சுக் கெடந்தேன்லா பிரிஜா. ஒனக்கு ஓர்ம இருக்கா? எனக்கும் கேட்டுது. அவளுக்க மொகத்த நான் பாக்கல. எப்படி இருந்தான்னு நீயும் சொல்லல்ல, நானும் கேக்கல்ல. அடுத்த லீவுக்கு வந்துட்டுப் போற அன்னைக்கு ஒனக்க தோள்ல அத வாசிச்சேன். என்னைய வெளிய நிறுத்திக் கதவ அடச்ச மாதிரி இருந்துது."

அவரே தொடர்ந்தார்.

"அவ பிறந்த நாளு வந்துது. ரூம்ல யாருட்ட என்னத்தச் சொல்லட்டும்? பேஸ்புக்குல போட்டேன். வேற ஒண்ணும் எழுதல்ல. எனக்குப் பிள்ள பிறந்திருக்குன்னு நெனச்சு எல்லாவனும் வாழ்த்துச் சொன்னானுவ. கூட வேல செய்யிறவன் லட்டு வாங்கிட்டு வந்தான். நான் இல்லன்னு சொல்லல்ல. அந்த ஒரு நாளு நான் அப்பனா இருந்தேன்."

அந்தப் பக்கம் அவர் அழுதது கேட்டது. கல்யாணமாகி ஆறு வருடத்தில் முதல் முறை.

ஜூன் 24, செவ்வாய்

கோபம் போகவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஜூன் 28, சனி

ஜெயசிங்கின் கடைக்குப் போனேன். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "சாரமில்ல அக்கா. எனக்கும் ஒரு குட்டி உண்டும்லா," என்றான். நாற்காலியைத் துடைத்துப் போட்டான். 

ஜூலை 3, வியாழன்

ஆன்றோ கூப்பிட்டார். "அத அழிச்சிரட்டா?"

பலகையைப் பார்த்த நாள் முதல் எனக்கு வேண்டியிருந்தது அதுதானே? எங்கும் இருக்கக்கூடாது, என் தோளைத் தவிர. ஆனால் வாயில் வந்தது வேறு. "அழிக்காண்டாம். யாரு எழுதினதுன்னு போடுங்க. யாருக்குன்னும் போடுங்க," என்றேன்.

நாளைக்கு மும்தாஜ் தன் தம்பியின் போனைக் கொண்டுவந்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். என்ன எழுதப்போகிறாரோ.

ஜூலை 4, வெள்ளி

காட்டினாள். வரிக்குக் கீழே இரண்டு வாக்கியம் சேர்த்திருக்கிறார்.

"எழுதியது என் மனைவி பிரிஜா. எங்கள் மகளுக்கு, அவள் உயிரோடு பிறக்கவில்லை."

ஸ்டாப் ரூமில் எல்லோருக்கும் முன்னால் அழுதேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மும்தாஜ் என் மூன்றாம் பீரியடுக்குப் போனாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அவள் முகம் எப்படி இருந்தது என்று ஆன்றோ கேட்டார். சொன்னேன். மேல் உதடு அவருடையது. காதோரத்தில் நிறைய முடி. சொல்லிக்கொண்டே இருந்தேன். பேலன்ஸ் தீர்ந்து லைன் அறுந்தது. அவர் திரும்பவும் கூப்பிட்டார்.

டிசம்பர் 29, திங்கள்

ஆன்றோ வந்து ஒரு வாரம். இன்று காலை ஜெயசிங் போன் செய்தான்.

"அக்கா, அருமனையிலருந்து ஒரு அக்கா வந்திருக்காவ. அண்ணன் பேஸ்புக்குல எழுதினத வாசிச்சிருக்காவ. அவியளுக்கும் உங்களுக்க மாதிரியேதான். அந்த வரியே வேணுமாம். கேக்காமச் செய்யமாட்டேன்னு சொல்லி உக்கார வச்சிருக்கேன். என்ன சொல்லட்டு?"

 இன்னொருத்தியின் தோளில். அதே வரி. வேண்டாம் என்று நாக்கு நுனி வரை வந்தது.

"எங்க ரெண்டு பேருக்கும் உள்ளதுல்லா அது," என்றேன். "அவிய குளிக்காவ. கேட்டுட்டுச் சொல்லுகேன். அந்த அக்காவ இருக்கச் சொல்லு."

ஆன்றோ தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். விஷயத்தைச் சொன்னேன். துண்டைக் கையில் வைத்தபடி முற்றத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்:

"செய்யட்டு. ஆனா அந்தப் பிள்ளைக்க அப்பனயும் கூட்டிட்டு வரச் சொல்லு."